குரூப்பில் ஆள் தேடும் படம் வந்தால்…

பாம்பன் பஸ் ஸ்டாப்பில் போர்வை விற்றவரின் படம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. ‘பிள்ளை பிடிக்கிறவன், பார்த்தா சொல்லுங்க.’ பத்தே நிமிஷத்தில் அவர் தங்கியிருந்த தெரு, கதவின் நிறம்வரை போட்டுவிட்டார்கள். ஊரே துப்பறிகிறதாம்! 2018-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டியை இதே மாதிரி வதந்தியை நம்பித்தான் அடித்தே கொன்றார்கள்.

முதலில் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். எங்கோ எப்போதோ வந்த பழைய படமென்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நிஜமாகவே சந்தேகமா? அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். முகவரி, வண்டி நம்பர் எதுவும் குரூப்பில் வேண்டாம். நீங்கள் அட்மின் என்றால் அந்தப் பதிவை எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள். கோபப்படுகிறவர்களை அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம்.