பேசி முடித்தும் ரிப்பீட்டர் ஓயவில்லையா?

ஹாம் ரேடியோக்காரர்களின் பேச்சை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நேரத்தில் இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். தண்டையார்பேட்டையில் நான் பார்த்துக்கொள்ளும் ரிப்பீட்டர் போன கோடையில் ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது. பேசியவர் பொத்தானை விட்ட பிறகும் அது ஓயாது. மூன்று நிமிட டைமர் வெட்டும்வரை பக்கத்து ரிப்பீட்டர்காரர்களின் பேச்சு கரகரவென்று வரும், நடுவே எங்கள் குரலே சுற்றிச் சுற்றி வரும். "அவங்க பவரை ஏத்திட்டாங்கண்ணா" என்றார் என்னோடு மாடிக்கு ஏறும் தம்பி. சண்டைக்குப் போகும் முன் கணக்குப் போடு என்றேன்.

முதலில் ஒரு நோட்டு. தொல்லை வந்த நேரம், அப்போது எந்த ரிப்பீட்டர் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, மழையா காற்றா, எல்லாவற்றையும் எழுதுங்கள். சில மாலைகளில் மட்டும் வந்து, வெகுதூரத்து ரிப்பீட்டரின் மோர்ஸ் அடையாளம் கேட்டால், கடல்மேல் வானிலை சுமந்து வரும் அலை அது. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கோ இரண்டு ரிப்பீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும்தான் வந்தது. அப்படியென்றால் அது கலப்பு, அதாவது இரண்டு அலைகள் சேர்ந்து வேறொரு அலைவரிசையில் புது அலை பிறப்பது.

கணக்கு எளிது. நம் நாட்டில் ஹாம்களுக்கான 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசையான உள்ளீடு, பெரும்பாலும் அது அனுப்பும் அலைவரிசையான வெளியீட்டுக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, நம் வெளியீடு 145.600, உள்ளீடு 145.000, பக்கத்தவர் வெளியீடு 145.300 என்று வையுங்கள். அவருடையதை இரண்டால் பெருக்கி நம்முடையதைக் கழித்தால் 145.000. நேராக நம் உள்ளீட்டில் வந்து உட்காருகிறது! வெளியீடுகளுக்கு இடையே 300 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் மேலே இருப்பவருக்கு இந்தத் தொல்லை காத்திருக்கிறது. அலைவரிசை கேட்டு விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளீட்டுக்கு டோன் போட்டால், அதாவது பேச்சோடு ஒரு தாழ்ந்த ஒலியும் வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும்படி வைத்தால், தீருமே என்பார்கள். நானும் 88.5 ஹெர்ட்ஸ் போட்டேன், தீரவில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. எங்கள் வெளியீட்டிலும் அதே டோன் போய்க்கொண்டிருந்தது. கலப்பில் எங்கள் அலையும் ஒரு பங்காளிதானே, அது சுமந்த டோன் கூடவே வந்து கதவைத் திறந்துவிட்டது. வெளியீட்டு டோனை நிறுத்தியதும் ரிப்பீட்டர் ஒழுங்காக ஓய்ந்தது. ஆனால் எண்ணூரிலிருந்து ஹேண்டியில், அதாவது கையடக்க ரேடியோவில், பேசுபவர் இன்னும் காதில் விழவில்லை. டோன் மூடுவது ஸ்குவெல்ச் என்ற ரிசீவரின் ஒலிக்கதவை மட்டும்தான், உள்ளீட்டில் ஏறி உட்கார்ந்த குப்பையை அது அள்ளாது. டோன் போட்டதோடு வேலையை முடித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கலப்பு எங்கே நடக்கிறது என்று தேட வேண்டும். டூப்ளெக்ஸருக்கும் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரித்துவைக்கும் ஃபில்டர்) ரிசீவருக்கும் நடுவில் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் (அலையைக் குறைக்கும் துண்டு) மாட்டி, அலையின் பலம் காட்டும் எஸ் மீட்டரைப் பாருங்கள். வெளியே பிறந்த கலப்பு 6 டெசிபல்தான் குறையும். ரிசீவருக்குள்ளேயே பிறந்ததென்றால் 18 டெசிபல் விழும், அதற்கு முன்பக்கத்தில் ஃபில்டர் தேவை. எங்களுக்கு 6 தான் குறைந்தது.

அடுத்து டிரான்ஸ்மிட்டர்கள். கணக்கில் இரண்டு மடங்காக வருவது யாருடைய அலையோ, அவருடைய டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்தை முதலில் சந்தேகிக்கலாம். நம் அலை அவர் ஆன்டெனா வழியே ஏறி அங்கே கலக்கும். மருந்து ஐசோலேட்டர், அதாவது அலையை வெளியே விட்டு உள்ளே திரும்ப விடாத கருவி. நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ரிப்பீட்டர்காரரைப் பார்க்கப் போனேன். ஐசோலேட்டர் ஏற்கெனவே போட்டிருந்தார், எங்கள் சோதனைக்காக ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தும் கொடுத்தார். குற்றம் சொல்லிக்கொண்டு போயிருந்தால் அந்த உதவி கிடைத்திருக்குமா?

மிச்சம் இருந்தது துரு. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று எங்கள் மாடியில் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. துருப்பிடித்த இரண்டு இரும்புகள் பட்டும் படாமலும் உரசினால் அந்த இடம் டயோடு போல வேலை செய்யும், இரண்டு அலைகளையும் அங்கேயே கலக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். உள்ளீட்டு அலைவரிசையில் ஹேண்டியை வைத்துக்கொண்டு தம்பி ஓரமாக நின்றார். நான் காய்ந்த மூங்கில் கழியால் ஆன்டெனாக் கம்பத்தைத் தாங்கும் இழுகம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டினேன். முதல் இரண்டிலும் சத்தம் மாறவில்லை. மூன்றாவதை ஆட்டியதும் ஹேண்டியில் பொரபொரவென்று வெடித்தது. பார்த்தால், தூர்தர்ஷன் காலத்து டிவி ஆன்டெனாக் குழாய் ஒன்று சாய்ந்து அந்தக் கம்பியில் உரசிக்கொண்டு கிடந்தது. தொட்ட இடத்தில் பழுப்புப் பொடி கையோடு வந்தது.

இந்த வேலையில் கையால் எதையும் தொடாதீர்கள், ஆன்டெனாவை நெருங்காதீர்கள், மின்சாரக் கம்பி தாழ்வாகப் போகும் பக்கம் கழி நீட்டாதீர்கள், இடி இருந்தால் மாடிக்கே ஏறாதீர்கள். இடம் தெரிந்ததும் ரிப்பீட்டரை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

குழாயை அறுத்து எடுத்தோம், துருவேறிய கிளாம்புகளை மாற்றினோம். மாடியில் இருந்த மற்ற பழைய இரும்பையும் இறக்கிவிட்டோம். கேபிளையும் அன்றே பார்த்தேன். அலுமினியத் தாள்மேல் தாமிரப் பின்னல் சுற்றிய கேபிள் ரிப்பீட்டருக்கு ஆகாது, அந்த இரண்டு உலோகங்களும் உரசியே இரைச்சல் கிளப்பும். இரட்டைப் பின்னல் போட்ட ஆர்ஜி-214 விலை கூடத்தான், ஆனாலும் அதைத்தான் போட்டேன். அன்று ராத்திரி எண்ணூர் நண்பர் ஹேண்டியில் கூப்பிட்டார், தெளிவாகக் கேட்டது. இப்போது ஒவ்வொரு வருடமும் அக்டோபர் மழைக்கு முன்பு மூங்கில் கழியோடு ஒரு சுற்று வருகிறோம்.