நனைந்த கார்பெட்டும் இறங்கிப்போன பேட்டரியும்

ஐப்பசி மழை பிடித்ததும் காரில் இடது பக்க முன் கார்பெட் சொதசொதவென்று ஆனது. அப்புறம் காலையில் ஸ்டார்ட்டும் ஆகவில்லை. பேட்டரியை மாற்று என்றார்கள். இருப்பதே புதுப் பேட்டரிதான், மாற்ற மனசு ஒப்பவில்லை.

முதலில் தண்ணீர். வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். நிறமோ பிசுபிசுப்போ இனிப்பு வாடையோ இருந்தால் அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), அதாவது டேஷ்போர்டுக்குள் அந்தத் திரவம் ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இது வெறும் தண்ணீர். ஏசி போட்டால் மட்டும் வந்தால் ஏசியின் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் குழாயில் அடைப்பு. எனக்கோ ஏசி போடாத நாளிலும் மழைக்கு நனைந்தது. வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். வேப்பஞ்சருகு மக்கிக் களியாகி, வடிகால் துளையை அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் ப்ளோயருக்கு (காருக்குள் காற்றை ஊதும் விசிறி) காற்று போகும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. சருகை அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டியது. சரி, ஒன்று முடிந்தது.

அடுத்து, நிற்கும் காரில் பேட்டரியை இறக்கும் கரண்ட். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது 300ஐத் தாண்டி நின்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சென்ட்ரல் லாக் ஃபியூஸை எடுத்ததும் சட்டென்று இறங்கியது. கார்பெட்டைத் தூக்கினால், அந்த வயரிங் கனெக்டரின் பின்களில் ஈரத்தால் பச்சைக் களிம்பு பூத்திருந்தது; கரண்ட் கசிந்தது அதன் வழியாகத்தான். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, பிரஷால் தேய்த்து, காயவைத்து மாட்டியதும் மீட்டர் 30க்கு வந்தது.

கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சைக் காயவைப்பதுதான் பெரும்பாடு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும். சீட்டுக்கடியில் ஏர்பேக் வயர் வரும் வண்டி என்றால், பேட்டரி வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகே கை வையுங்கள்.