நன்றியைக் கேட்டு வாங்காதீர்கள்: ஆசிரியர்கள் வகுப்பிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் நன்றி என்ற பேச்சுக்குக் குறைவிருக்காது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்திலிருந்து ஒரு குறள், ஆண்டு விழாவில் நன்றியுரை, நிறுவனர் நாளில் படத்துக்கு மாலை, செப்டம்பர் 5 அன்று டீச்சருக்கு ரோஜாப்பூ. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செலுத்துகிற நன்றி. ஒரு பெரியவர் தங்களிடம் நன்றி சொல்வதைப் பிள்ளைகள் எப்போது பார்க்கிறார்கள்? வகுப்பறையில் பல வருடம் நின்ற அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: நன்றி மேலேயிருந்து கீழே வர வேண்டும். மதிப்பெண் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறதோ அவர் முதலில் சொல்ல வேண்டும். அப்படி நடக்காத இடத்தில் நாம் செய்கிற மற்றதெல்லாம் வெறும் சடங்காகிவிடும்.

“உங்க அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்க, தெரியுமா?”

பெரிய தவறு இதுதான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனை எழுப்பி நிறுத்தி, “இவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைப் படிக்க வைக்கிறாங்களே, கொஞ்சமாவது நன்றி இருக்கா உனக்கு?” என்று கேட்பது நம் பள்ளிகளில் சர்வ சாதாரணம். கேட்கிறவருக்கு அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் பையனுக்குள் வருவது நன்றி இல்லை, குற்ற உணர்ச்சி. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும், தலை குனிந்திருக்கும். உள்ளே நேர் எதிர். குற்ற உணர்ச்சி வந்த பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தயங்கும். நன்றி வந்த பிள்ளை அப்பா பக்கத்தில் போய் உட்காரும்.

சரி, அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் உழைப்பை எப்படித்தான் காட்டுவது? ஜெஃப்ரி ஃப்ரோ என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு பாடத்தை வகுப்பறைகளில் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். அதில் ‘நன்றி சொல்’ என்ற கட்டளைக்கு இடமே இல்லை. ஒருவர் உனக்கு ஏதாவது செய்தால் மூன்று விஷயங்களை யோசித்துப் பார் என்று மட்டும் பழக்கினார்கள். அவர் அதை வேண்டுமென்றே, உன்னை நினைத்துச் செய்தாரா? அதற்காக அவர் எதைச் செலவழித்தார், நேரமா, பணமா, உழைப்பா? அதனால் உனக்கு என்ன கிடைத்தது? இப்படி யோசிக்கப் பழகிய பிள்ளைகள் பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி அட்டைகளை மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக எழுதினார்கள். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது சுலபம். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிற அப்பாக்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருப்பார்கள். “இன்னைக்குப் போய் அப்பாகிட்ட, ஒரு கல்லை எப்படிச் செய்றதுன்னு கேட்டுட்டு வா” என்று சொல்லுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைப்பது வரை அப்பா சொல்வார். மறுநாள் அதை வகுப்பில் சொல்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கஷ்டம் என்ற வார்த்தையே அங்கே தேவைப்படாது. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால், வீடியோ காலில் ‘சாப்பிட்டீங்களா’வோடு நிறுத்தாமல் ‘இன்னைக்கு என்ன வேலைப்பா’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லலாம்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. “சாப்பாட்டுக்கே வழியில்லாம எத்தனை பேர் இருக்காங்க, உனக்கு எல்லாம் இருக்கு” என்று ஒப்பிட்டுச் சொல்வது. வீட்டில் தட்டை ஒதுக்குகிற பிள்ளையிடம் சொன்னால்கூடப் பாதகம் கொஞ்சம். வகுப்பில் சொன்னால், அந்த ‘எத்தனை பேரில்’ ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவருடைய இல்லாமையை மற்றவர்களின் நன்றிக்குப் பாடமாக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

உரிமையையும் உதவியையும் குழப்புவது

“அரசாங்கம் புத்தகம் தருது, சீருடை தருது, சைக்கிள் தருது, காலையில சாப்பாடும் போடுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?” இந்தப் பேச்சையும் நிறுத்த வேண்டும். 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வி என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையின் உரிமை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு, இவை எதுவும் பிச்சையில்லை. பிள்ளை அதற்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை.

அப்படியானால் நன்றி யாருக்கு? திட்டத்துக்கு இல்லை, ஆளுக்கு. கிராமத்துப் பள்ளிகளில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பல இடங்களில் அதே பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். எட்டு மணிக்குப் பிறகு பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமானால், அவர்கள் விடியும் முன்பே எழுந்து, தங்கள் வீட்டு அடுப்பையும் பார்த்துவிட்டு இங்கே வந்தாக வேண்டும். அந்த அக்காவின் பெயர் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? முதலில் உங்களுக்குத் தெரியுமா? பொங்கலில் மிளகைப் பிள்ளைகள் பொறுக்கி வைக்கிறார்கள் என்று கவனித்து, அதைப் பொடித்துப் போட்ட அக்கா இருந்தால், “நீங்க இதைக் கவனிச்சுச் செஞ்சிருக்கீங்கக்கா” என்று டீச்சர் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். தூய்மைப் பணியாளருக்கும் அப்படியே. பிள்ளைகள் நம் உபதேசத்தைவிட நாம் யாரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நன்றி நோட்டு, வீட்டுப்பாடமாக மாறும்போது

இப்போது பல பள்ளிகளில் ‘நன்றி நோட்டு’ போடச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. அதைத் தினமும் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஸ்டார் கொடுக்கத் தொடங்கும்போதுதான் கெடுகிறது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் ஒரு குழு வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயங்கள் என்று பத்து வாரம் எழுதியது. அதற்குப் பலன் தெரிந்தது. சோனியா லியூபோமிர்ஸ்கியின் குழு 2005-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மனநிறைவு கூடியது; வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. தினம் எழுதினால் என்ன ஆகும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும்: ‘அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி.’ அடுத்த நாளும் அதே மூன்று வரி.

ஆகவே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் போதும். ஐந்து விஷயங்கள்கூட வேண்டாம், ஒன்று போதும், ஆனால் அதில் ஆளும் செயலும் இருக்க வேண்டும். ‘நண்பனுக்கு நன்றி’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ‘நான் கால் சுளுக்கி நின்றபோது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான்’ என்று எழுதட்டும். பிழை திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவுக்கு நன்றி எழுத ஒரு பிள்ளையால் முடியாது, முடிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது. ‘இந்த வாரம் எனக்கு எதுவும் இல்லை’ என்று எழுதினால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கல்வெட்டில் இருக்கிற பெயர்களும் இல்லாத பெயர்களும்

செட்டிநாடு கொடையாளர்களின் பூமி. எத்தனையோ பள்ளிகளில் சுவரில் பதித்த கல்லைப் படித்தபடிதான் உள்ளே போகிறோம். இதில் நாம் செய்யும் தவறு, மாலை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது. வள்ளல் அழகப்பர் 1948-இல் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்பது இங்கே தெருவுக்குத் தெருத் தெரிந்த செய்தி. எண்ணைச் சொன்னால் பிள்ளை மனப்பாடம் செய்யும். மேலே சொன்ன மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். பணத்தை வேறு எதிலாவது போட்டிருக்கலாமே, ஏன் வானம் பார்த்த இந்தப் பொட்டலில் கல்லூரியும் ஆய்வகமும் வேண்டும் என்று நினைத்தார்? 1909-இல் பிறந்து 1957-இல் மறைந்த ஒருவர், 48 வயதுக்குள் தன் சொத்தில் இவ்வளவையும் இதற்குக் கொடுத்ததால் எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் இன்று உன் அக்காவுக்கு, உனக்கு என்ன கிடைத்திருக்கிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சொல்கிற பதில்கள் எந்த மேடைப் பேச்சையும்விட நன்றாக இருக்கும்.

நன்றியுரையிலும் ஒரு திருத்தம் வேண்டும். சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர், ஒலிபெருக்கி அமைத்தவர், ‘மற்றும் அனைவருக்கும்’ என்று முடிப்பது வழக்கம். அந்த ‘மற்றும் அனைவரில்’தான் நாற்காலி தூக்கிய ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதி வைத்து வாசியுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

வாயை மூட வைக்கிற நன்றி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் முக்கியமானது. நன்றியோடு இருப்பது என்றால் குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. கற்பித்தல் அல்லாத வேலைகள் குவியும்போது “வேலை இருக்கேன்னு சந்தோஷப்படுங்க” என்றும், வேலைக்குப் போகிற பெண்ணிடம் “வீட்டுல அனுப்புறாங்களே, அதுக்கே நன்றியா இருக்கணும்” என்றும் சொன்னால், அது நன்றி இல்லை, அடக்குமுறை. நல்லதைக் கவனிக்கிற அதே கண்ணால்தான் அநியாயத்தையும் பார்க்க வேண்டும். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை வாரக்கணக்கில் நீடித்தால் அதை நன்றி நோட்டால் சமாளிக்க முயலாதீர்கள். இந்தப் பயிற்சிகளால் மனச்சோர்விலும் பதற்றத்திலும் ஏற்படும் மாற்றம் சிறியதுதான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2020-இல் எழுதினார்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, கட்டணமில்லாமல் பேசலாம், தமிழில் பேசலாம்.

வீட்டில்

வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வாயே திறக்காத ஆசிரியர்கள் நிறையப் பேர். தொண்டை கட்டியிருக்கும், பொறுமை தீர்ந்திருக்கும், புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில்தான் அப்பத்தா நம் பிள்ளைக்குச் சோறூட்டி முடித்திருப்பார். “வீட்டு ஆளுக்கு எதுக்கு நன்றி? மூணாம் மனுஷியா நான்?” என்று அவரே கேட்பார். அதனால் அதைச் சொல்லாமலே விட்டுவிடுவது தவறு, விறைப்பாக ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டு நகர்வதும் அவ்வளவு உதவாது. பார்த்ததைச் சொல்லுங்கள். “அத்தை, நீங்க இருக்கப் போய்த்தான் நான் நிம்மதியா ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துட்டு வர முடிஞ்சது. மத்தியானம் அவன் படுத்துனானா?” அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவருடைய நாளுக்கு மதிப்பு வருகிறது.

சொன்னால் சங்கடமாக இருக்குமோ, அவர்களுக்கே தெரியுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுகிறவருக்கு ஏற்படும் சங்கடத்தை அதிகமாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். நாம் பயப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடப்பதில்லை.

இன்னொன்று, கணக்குப் பார்ப்பது. விசேஷ வீட்டில் மொய் நோட்டு எழுதுவது நமக்குப் பழக்கம். யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கும். விசேஷத்துக்கு அது சரி. ஆசிரியர் அறையில் “அன்னைக்கு உன் பீரியடை நான்தானே பார்த்தேன்” என்றும், கணவன் மனைவிக்குள் “போன வாரம் நான் கூட்டிட்டு வந்தேன், இந்த வாரம் நீ” என்றும் அதே நோட்டை விரித்தால், செய்த உதவி கடனாகிவிடுகிறது. ஆசிரியர் தினத்துக்கு விலை உயர்ந்த பரிசு வாங்கிக்கொள்வதும் இப்படித்தான் முடியும். கொடுக்க முடியாத பிள்ளை அன்று பள்ளிக்கு வரவே கூச்சப்படும். கையால் எழுதிய அட்டை போதும் என்று ஆகஸ்ட் மாதமே சொல்லிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எடுக்கிறவர்கள் தேர்வு நெருங்குவதற்கு முன், ஜனவரி மாதத்திலேயே ஒரு பீரியடை ஒதுக்கி மாணவர்களைக் கடிதம் எழுதச் சொல்லலாம். தங்களுக்கு ஏதோ செய்த, இதுவரை நன்றி சொல்லாத ஒருவருக்கு. அது பஸ் கண்டக்டராக இருக்கலாம், அம்மாச்சியாக இருக்கலாம், மூன்றாம் வகுப்பு டீச்சராக இருக்கலாம். அதை நேரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி ஒரு மாதம் வரை தெரிந்தது என்று மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் எழுதியது. பிறகு அது குறைந்துவிட்டது, அதனால் ஒரே தடவையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டாம். கொடுப்பதா, தபாலில் போடுவதா, பைக்குள்ளேயே வைத்துக்கொள்வதா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். அவர்கள் எழுதும்போது நீங்களும் உட்கார்ந்து ஒன்று எழுதுங்கள், அந்த வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு.