ஒரு கப் தேன் எத்தனை கிராம்?

தேன் கேக் குறிப்பில் "தேன் 1 கப், 240 மில்லிலிட்டர்" என்று இருந்தது. தராசில் 240 கிராம் நிறுத்து ஊற்றினேன். கேக் வெளிறிப்போய், தொட்டால் உதிர்ந்தது. அந்தக் கப் நிறையத் தேன் ஊற்றியிருந்தால் அதன் எடை 340 கிராம். முழுதாக 100 கிராம் தேன் குறைந்துபோயிருந்தது. ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்ற கணக்கு தண்ணீருக்குத்தான் சரி. பாகுகளில் கரைந்திருக்கும் சர்க்கரை அவற்றைக் கனமாக்கிவிடுகிறது. எவ்வளவு கனம் என்பதை ஓர் எண்ணில் பிடித்துவிடலாம்: ஒரு மில்லிலிட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண், அதாவது அடர்த்தி.

படி 1: எந்தக் கப் என்று பாருங்கள்

அமெரிக்கக் குறிப்புகளின் கப் சுமார் 237 மி.லி.; கணக்குக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம். மெட்ரிக் கப் 250 மி.லி. தேக்கரண்டி 5 மி.லி. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மி.லி.தான், ஆனால் ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 20 மி.லி. அங்கே ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் அல்ல, 28 கிராம்.

படி 2: மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்குங்கள்

தேன்: 1.42
மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு): சுமார் 1.4
கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு): சுமார் 1.38
மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச்சாற்றுப் பாகு): 1.32

அரை கப் மேப்பிள் சிரப் வேண்டுமா? 120 × 1.32 = 158 கிராம். இரண்டு மேசைக்கரண்டித் தேன் என்றால் 30 × 1.42 = 43 கிராம். அவ்வளவுதான் கணக்கு. தேனில் ஈரம் கூடுதலாக இருந்தால் எண் 1.40 வரை இறங்கும். சமையலுக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல.

வீட்டில் காய்ச்சும் சர்க்கரைப் பாகில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு ஆறியதும் 1.23. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்றால் 1.33, அதாவது கிட்டத்தட்ட மேப்பிள் சிரப்பின் கனம். அதிக நேரம் கொதித்துத் தண்ணீர் ஆவியானால் இந்த எண்கள் உதவாது. அப்போது நீங்களே அளந்துவிடுவது நல்லது.

படி 3: பட்டியலில் இல்லாத பாகை நீங்களே அளக்க

சிறிய கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்குங்கள். ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குவளையை நன்றாகத் துடைத்து, மீண்டும் பூஜ்ஜியமாக்கி, அதே கோடு வரை பாகை ஊற்றுங்கள். பாகின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். தண்ணீர் 100 கிராம், பாகு 136 கிராம் என்றால் 1.36. பாகில் காற்றுக்குமிழி இருந்தால் அடங்கும் வரை பொறுங்கள். குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். கிடைத்த எண்ணைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 4: கப் இல்லாமலே நிறுங்கள்

கப்பில் அளந்த தேன் முழுவதும் பாத்திரத்தில் விழுவதில்லை. கவிழ்த்த பிறகும் சுவரில் பொன்னிறப் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் மாவுப் பாத்திரத்தையே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நேரே ஊற்றிவிடுங்கள்.

கை தவறிக் கூடுதலாக விழுந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. தேன் புட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கரண்டியால் எடுத்து எடுத்துப் பாத்திரத்தில் விடுங்கள். தராசு −21, −42 என்று காட்டிக்கொண்டே வரும். இரண்டு மேசைக்கரண்டித் தேன் வேண்டுமென்றால் −43 வந்ததும் நிறுத்திவிடலாம். கரண்டியில் ஒட்டியதையும் விரலால் வழித்து மாவில் சேர்த்துவிடுங்கள்; அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

குறிப்பில் கிராம் இருந்து, கையில் கரண்டி மட்டும் இருக்கிறதா? பெருக்குவதற்குப் பதில் வகுங்கள். 100 கிராம் தேன் என்றால் 100 ÷ 1.42 = 70 மி.லி.; 15 மி.லி. மேசைக்கரண்டியில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு.