ஒன்றாம் வகுப்புக்கு முதல்முறை போகிற டீச்சருக்கு

குளச்சல் பக்கம் ஒரு ஆர்.சி. பள்ளியில் 27 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். என் அக்கா மகளுக்கு இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். "சித்தி, முதல் நாள் என்ன செய்யணும்?" என்று போனில் கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, வராந்தாவில் ஒரு கயிறு கட்டு. நம் மாவட்டத்தில் பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஒன்றாகத்தான். முப்பது நனைந்த குடை வகுப்புக்குள் வந்தால் அன்றைக்குப் பாடம் கிடையாது, தரை துடைக்கிற வேலைதான்.

அழுகிற பிள்ளையைத் தூக்காதே. ஒன்றைத் தூக்கினால் ஒன்பது கை நீட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை கொடு, சிலேட்டுகளை அடுக்கச் சொல். பிள்ளை 'வெள்ளம் வேணும்' என்று கேட்டால் உடனே கொடு. அது தண்ணீர் என்று திருத்த வருடம் முழுக்க நேரம் இருக்கிறது.

அடுத்தது சிலுவை அடையாளம். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் வருடம் பிள்ளைகளைப் பார்த்து நின்று, நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று வலது கையால் காட்டினேன். எதிரே நின்றவர்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது கையைத் தூக்கினார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசையில் ஒரு வரிசை முழுக்க இடது கையால் போட, பங்குச் சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் முதுகைக் காட்டி, சுவரில் இருக்கும் திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தபடிதான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் பாட்டி 'பிதா சுதன்' என்று பழக்கியிருப்பார், கோயிலில் 'தந்தை மகன்' என்பார்கள். இரண்டும் சரிதான், விட்டுவிடு. இந்துப் பிள்ளைகள் கை கூப்பி நின்றால் போதும்.

எழுத்துக்கு, அ-வில் தொடங்காதே. அதன் சுழி பிஞ்சு விரலுக்கு வராது. ட, ப இரண்டும் வெறும் கோடு. ம-வுக்கு ஒரு சின்ன வளைவு. புள்ளி வைக்கப் பழகியதும் படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடுவார்கள். வாசிக்க வந்துவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்வார்கள்.

12 மணிக்குக் கோயில் மணி அடிக்கும். மூவேளை செபம் முடிந்தால் அடுத்தது சோறு என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் புதுப் பாடம் எடுப்பது வீண்.

எண்களுக்குப் புளியமுத்தும் காலித் தீப்பெட்டியும் சேர்த்து வை. பத்து முத்து சேர்ந்தால் ஒரு பெட்டி. வீட்டில் ஜெபமாலை சொல்கிற பிள்ளைகளுக்குப் பத்து என்பது ஏற்கெனவே விரலில் இருக்கிறது, மணி உருட்டிப் பழகிய விரல் அல்லவா.

யாரும் எனக்குச் சொல்லித்தராதது ஆகஸ்ட் மாதம். நம் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளும் அப்பா வீட்டில் இருப்பார், பள்ளிக்குக் கொண்டுவிடவும் அவரே வருவார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது, நாம் பழக்கிவிட்டோம் என்று நினைப்போம். தடை முடிந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்கு அப்பாவின் படகு போனதும் மறுபடியும் அழுகை தொடங்கும், வயிற்றுவலி வரும், எழுதத் தெரிந்த எழுத்தெல்லாம் மறந்துபோகும். மந்தம் என்று எழுதிவிடாதே. நானும் ஒரு பிள்ளையை அப்படி எழுதி, பின்னால் வெட்கப்பட்டேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி: அப்பா கடலில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தினமும் காலையில் ஒரு புளியமுத்து போட வேண்டும், சனி ஞாயிறுக்குத் திங்களன்று சேர்த்து. அப்பா வந்த மறுநாள் கொட்டி எண்ணுவோம். ஒருத்திக்கு இரண்டு தீப்பெட்டி நிறைந்து மூன்று முத்து மிஞ்சியது. சிலேட்டை எடுத்தாள், 2 எழுதினாள், பக்கத்தில் 3 எழுதினாள். "டீச்சர், எங்கப்பா இவ்வளவு நாள் வரல்ல" என்று தூக்கிக் காட்டினாள்.