ஓய்வுபெற்ற கேலிக் கால்பந்து வீரரின் கணக்கைப் படிப்பது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன என் அக்கா மகள் அங்கேயே ஒரு கெர்ரிக்காரரைக் கட்டிக்கொண்டாள். கெர்ரி என்பது அயர்லாந்தில் ஒரு கவுண்ட்டி, நம் மாவட்டம் மாதிரி. மாப்பிள்ளை டர்பன் வந்தால் வாயைத் திறந்ததுமே 'கூச்' புராணம்தான், அதாவது கெர்ரிக்கு ஆடி ஓய்வுபெற்ற கோல்ம் கூப்பர். அவர் ஆடியது கேலிக் (Gaelic) கால்பந்து, காலாலும் கையாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்திருந்தால் இதைப் படித்துவிட்டு அவர் முன்னால் உட்காருங்கள்.

முதலில் எண்களைப் பாருங்கள். கவுண்ட்டிகள் மோதும் ஆல்-அயர்லாந்து சாம்பியன்ஷிப்பின் 2004 இறுதிப்போட்டியில் கெர்ரி 1-20, மேயோ 2-9 என்று பார்த்ததும், ஐயோ பாவம், கெர்ரி ஒன்றுக்கு இருபது என்று தோற்றுவிட்டதே என்று அனுதாபம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயிண்ட். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3; கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் 1. இப்போது கூட்டுங்கள்: கெர்ரி 23, மேயோ 15. கெர்ரியின் அந்த ஒரே கோலும் கூப்பருடையது.

அதே கணக்கில் அவருடைய மொத்தத்தையும் பாருங்கள். கெர்ரிக்காக 85 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 23-283, அதாவது 352. ஆட்டத்துக்கு நாலுக்குக் கொஞ்சம் மேல். இன்றைய ஆட்டக்காரர்களோடு இதை நேராக ஒப்பிட வேண்டாம், 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 பாயிண்ட்.

சம்பளம், எத்தனை கோடிக்கு விலைபோனார் என்றெல்லாம் தேடாதீர்கள், கிடைக்காது. யாருக்கும் ஆடச் சம்பளம் கிடையாது, கூப்பர் வங்கியில் வேலை பார்த்தவர். டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடிய நம் மாமாக்கள் வாரம் முழுக்கத் துணி ஆலையில் நின்றுவிட்டு சனிக்கிழமை பூட்ஸ் மாட்டிய கதைதான் அங்கேயும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஊர் கிளப் ஒன்று, கவுண்ட்டி அணி ஒன்று. இவருக்கு கில்லார்னியின் டாக்டர் க்ரோக்ஸும் கெர்ரியும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள், கலந்தால் குழப்பம்தான்.

ஓய்வு என்று போட்டிருந்தால் எதிலிருந்து என்று பாருங்கள். 2017 மார்ச் 17 அன்று க்ரோக்ஸோடு ஆல்-அயர்லாந்து கிளப் கோப்பை வென்றார், ஏப்ரலில் கெர்ரி அணியிலிருந்து ஓய்வுபெற்றார், கிளப்புக்கு அப்புறமும் ஆடினார்.

பதக்கத்தை எண்ணும்போதும் ஆண்டுகளைச் சரிபாருங்கள். கெர்ரியோடு ஐந்து ஆல்-அயர்லாந்து: 2004, 2006, 2007, 2009, 2014. அந்தக் கடைசி ஆண்டு பிப்ரவரியில், கிளப் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, சாம்பியன்ஷிப்பில் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. அணியில் இருந்ததால் அதுவும் கணக்கில் சேர்கிறது. இதை மட்டும் மாப்பிள்ளையிடம் கிளறாதீர்கள். நான் கேட்டுவிட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் ரொட்டிக்குள்ளிருந்த பீன்ஸ் கறி ஆறி உறைந்துவிட்டது.