பழைய ஓட்டுக் கூரையோடு புதுக் கூரையைச் சேர்ப்பது எப்படி?

டெல்டாவில் பழைய ஓட்டு வீட்டை ஒட்டி ஓர் அறை இழுத்தால், ஒழுகுவது பெரும்பாலும் பழசும் புதுசும் சேரும் அந்த ஒரு கோட்டில்தான். சிமெண்டு பூசி அடைத்தால் கோடை வெயிலில் வெடித்து, ஐப்பசி அடைமழையில் உள்ளே சொட்டும். ஓட்டோடு ஓடு கவ்வ வேண்டும், அதுதான் தீர்வு. முகட்டை நேராக நீட்டிப் பக்கவாட்டில் அறை சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஓடு பொருத்தம்

சேரும் ஓரத்திலிருந்து ஒரு பழைய ஓட்டை எடுங்கள். அடியில் தேள் அண்டியிருக்கும், கையுறை அவசியம். எல்லாமே மங்களூர் ஓடுதான் என்பார்கள்; ஆனால் அச்சுக்கு அச்சு காடி (ஓட்டோடு ஓடு கவ்வும் பள்ளம்) மாறும். பழைய ஓட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், புது ஓட்டோடு பக்கவாட்டிலும் மேலும் கீழும் கோத்துப் பாருங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் வாங்கலாம்.

உட்காரவில்லையா? வீடு இடிக்கிற இடங்களில் அதே அச்சைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நான் சிபாரிசு செய்வது இது: பழைய வீட்டின் இரண்டு சரிவு ஓடுகளையும் இறக்கி, முன்சரிவு முழுக்க, புது அறை வரைக்கும், பழைய ஓட்டையே போடுங்கள். பின்சரிவு முழுக்கப் புது ஓடு. இரண்டு அச்சும் முகட்டில் மட்டுமே சந்திக்கும். அங்கே முகட்டு ஓடு மூடிவிடும். வேலை கூடுதல்தான், ஆனால் ஒழுகும் கோடே இருக்காது. பின்சரிவு ரீப்பரை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) மட்டும் புது ஓட்டின் அளவுக்கு மாற்றி அடிக்க வேண்டியிருக்கும்.

2. ரீப்பர்

பழைய கூரையில் பத்து ரீப்பர் இடைவெளியைச் சேர்த்து அளந்து, பத்தால் வகுங்கள். அதே இடைவெளியில், பழைய ரீப்பரின் நேர்கோட்டில் நூல் பிடித்துப் புதிதை அடியுங்கள். பழைய பனங்கை (ரீப்பரைத் தாங்கும் பனைக் கைமரம்) தொய்ந்திருந்தால், சேருமிடத்தில் சட்டென்று மட்டம் மாறக் கூடாது. கைமரத்துக்கும் ரீப்பருக்கும் நடுவே சிம்பு (மெல்லிய மரத்துண்டு) வைத்து, சில அடி தூரத்தில் மெதுவாக மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படி மாதிரி ஏறி இறங்கினால் ஓடு வாய் பிளக்கும்.

3. சேர்ப்பு

சுவர் ஓரத்துக் காரையை உடைத்து, பழைய ஓட்டில் கடைசி இரண்டு பத்தியை (மேலிருந்து கீழாக இறங்கும் ஓட்டு வரிசை) இறக்குங்கள். காடியில் ஒட்டிய காரையைச் சுரண்டுங்கள். ஒரு சிறு துணுக்கு இருந்தாலும் ஓடு தூக்கி நிற்கும். அப்புறம் இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ் ஓரம்) மேல்நோக்கி, பழசையும் புதுசையும் கலந்தே ஏற்றுங்கள். பழைய ஓரத்தில் காடி தெரிந்தால் புது ஓட்டின் உதடு (காடியை மூடும் விளிம்பு) அதன்மேல் கவிழும். உதடு வெளியே நீட்டியிருந்தால், அந்த ஓரத்தை விரலால் சற்றே தூக்கி, புது ஓட்டின் காடியை அடியில் நுழைத்து இறக்குங்கள். அமர்ந்ததும் ‘டக்’கென்று கையில் தெரியும்.

4. கட்டு

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு ஓட்டை ஏன் கட்ட வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. இறவாண வரிசை, ஓரப் பத்தி, சேரும் பத்தி ஆகிய மூன்றிலும் ஓட்டின் அடித்துளை வழியே துருப்பிடிக்காத கம்பி கோத்து ரீப்பரோடு முறுக்குங்கள்.

5. சோதனை

பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடத்தில் ஓடு சரியாக அமரவில்லை. பிறகு ஹோஸ் பைப்பில் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக மேலே தண்ணீர் விடுங்கள். எடுத்த எடுப்பில் முகட்டில் ஊற்றினால் எந்த ஓட்டில் கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.